பாழ்மாளிகையும் படச்சுருளும்

பேய் வீட்டுக் கதை ஒன்றேனும் கேளாது வளர்ந்த பிள்ளை எங்கள் கரையோரத்தில் இருத்தல் அரிது. வினாயகபுரத்திலிருந்து வடக்கே கல்முனை வரையிலும் தெற்கே பொத்துவில் வரையிலும் எவ்வூரை எடுத்துக்கொண்டாலும், ஆளற்றுக் கிடக்கும் ஒரு வளவும், அதனுள் ஓடு சரிந்த ஒரு வீடும், அவ்வீட்டைப் பற்றி அம்மம்மா சொன்ன கதையொன்றும் இருக்கும். தமிழ்க் குடும்பங்களில் அங்கே முனி உலாவுகிறது என்பார்கள். முஸ்லிம் குடும்பங்களில் ஜின் குடியிருக்கிறது என்பார்கள். மாலை மங்கியபின் அவ்வழியே கடைக்குப் போகும் சிறுவன் எக்குடும்பத்தவனாயினும் ஓட்டமும் நடையுமாகவே போவான்.

நேயர்களே, அத்தகைய வீடொன்றைப் பற்றியே இன்று பேச எண்ணினேன். அந்த வீடு நம் நாட்டிலுள்ளதன்று. 1927 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், யுனிவர்சல் என்னும் படநிறுவனத்தின் கூடத்திலே படப்பிடிப்புக்கென்று கட்டப்பட்ட வீடு அது. அவ்வீட்டில் எடுக்கப்பட்ட மௌனப் படத்தின் பெயர் 'த கற் அன்ட் த கனேரி'. தமிழிற் சொல்வதானால் 'பூனையும் கனேரிக் குருவியும்' எனலாம். சினிமாவை ஆராய்ந்து கூறும் புலமை எனக்கில்லை. ஆயினும் வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில், ஒரு படம் பிறந்த வரலாற்றிலும், அது ஏறக்குறைய அழிந்து மீண்ட வரலாற்றிலும் நமக்குப் பயன்படும் செய்திகள் உள என்று கருதுகிறேன்.

முதலிற் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். ஜோன் வில்லார்ட் என்பவர் எழுதி, 1922 இல் நியூயோர்க் நகர மேடையில் நடிக்கப்பட்ட நாடகமே படத்துக்கு மூலம். ஹட்சன் ஆற்றங்கரையிலே சைரஸ் வெஸ்ற் என்னும் செல்வர் ஒருவர் பெருமாளிகையொன்றில் நோய்ப்பட்டுக் கிடக்கிறார். அவருடைய சொத்துக்காக உறவினர் சூழ்ந்து நிற்கின்றனர். கூட்டிலடைபட்ட குருவியைச் சுற்றிப் பூனைகள் காத்திருப்பதைப் போல என்று அவர் எண்ணுகிறார். படத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. தாம் இறந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே மரண சாசனத்தைத் திறக்க வேண்டுமென எழுதிவைத்து இறந்துபோகிறார். இருபது ஆண்டுகள் கழிகின்றன. ஓர் இரவு, நள்ளிரவு நேரத்திலே, உறவினர் அனைவரும் அதே மாளிகையிற் கூடுகின்றனர். சட்டத்தரணி சாசனத்தை வாசிக்கிறார். சொத்து முழுவதும் அனபெல் என்னும் இளம் பெண்ணுக்கு உரியதாகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அவள் சித்தசுவாதீனம் உடையவளென்று வைத்தியர் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். அல்லாவிடின், வேறோர் உறையில் எழுதப்பட்டிருக்கும் பெயருக்குரியவருக்குச் சொத்துப் போய்ச் சேரும்.

இனி நடப்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். மனநோயாளன் ஒருவன் காவலிலிருந்து தப்பி இவ்வீட்டினுள் நுழைந்துவிட்டான் என்று காவலாளி ஒருவன் வந்து அறிவிக்கிறான். அனபெலுடன் தனித்துப் பேசிக்கொண்டிருந்த சட்டத்தரணியைச் சுவரின் இரகசியக் கதவு வழியாக ஒரு கை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவள் திரும்பிப் பார்க்கும்போது ஆளில்லை. கட்டிலில் உறங்கும்போது தலைமாட்டுச் சுவரிலிருந்து நகம் நீண்ட கையொன்று இறங்கி வந்து அவள் கழுத்திலிருந்த வைர அட்டியலைப் பறித்துச் செல்கிறது. அவள் அலறுகிறாள். மற்றவர் வந்து பார்க்கின்றனர். சுவர் சுவராகவே இருக்கிறது. 'பாவம், பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது' என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். கை யாருடையது என்பதை நான் சொல்லப் போவதில்லை. பேயினுடையது அன்று என்பதை மாத்திரம் சொல்லிவைக்கலாம்.

இவ்விடத்திலே நம் பிரதேசத்தவர் சற்றே நின்று சிந்திக்கலாம். கிழக்குக் கரையிலே தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதே வழமை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண்ணொருத்திக்கு வீடும் வளவும் உரியதாவது நமக்குப் புதுமையன்று. அந்த உரிமையைக் குறித்து நெருங்கிய உறவுக்குள்ளேயே பொருமலும் வழக்கும் மூள்வதும் நாம் அறிந்ததே. பெண் தான் கண்டதைச் சொல்லும்போது, அதை விசாரித்து அறிவதை விடுத்து, 'இவளைப் பேய் பிடித்துக்கொண்டது' என்று தீர்ப்பளித்து மந்திரவாதியிடம் அழைத்துச் சென்ற குடும்பங்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஹட்சன் ஆற்றங்கரைக் கதையை எங்கள் பாடசாலை மாணவர் சிலருக்குக் காட்டியபோது, அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாதிருந்த இடம் இதுவே. 'சேர், அந்த ஆட்கள் எல்லாருமாகச் சேர்ந்து அவளைப் பைத்தியமாக்கப் பார்க்கிறார்கள்' என்று உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி படம் பாதியில் இருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

படத்தை இயக்கியவர் போல் லெனி. 1885 இல் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரிற் பிறந்தவர். ஓவியம் பயின்று, நாடக மேடைக்கும் திரைப்படத்துக்கும் காட்சியமைப்பு வரைந்து, பின்னர் இயக்குநரானார். முதலாம் உலகப் போரில் தோல்வியுற்று, நாணயம் மதிப்பிழந்து நொந்துகிடந்த ஜேர்மனியிலே அக்காலத்தில் ஒரு விசித்திரமான திரைக்கலை எழுந்தது. கோணல்மாணலான சுவர்கள், தரையில் நீண்டு விழும் நிழல்கள், மனத்தின் கலக்கத்தைக் கட்டடத்தின் வடிவத்திற் காட்டுதல் ஆகியன அதன் இலக்கணம். 1920 இல் வெளிவந்த 'டொக்டர் கலிகாரி' அதற்குப் பெயர் பெற்ற சான்று. லெனியும் 1924 இல் 'மெழுகுச் சிலைக் கூடம்' என்னும் படத்தை அம்முறையில் எடுத்தார். யுனிவர்சல் நிறுவனத்தின் தலைவர் கார்ல் லெம்லே தாமும் ஜேர்மனியிற் பிறந்தவரே. அவர் லெனியை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டார். அங்கே லெனி எடுத்த முதற்படம் இது.

நாடகத்தை அவ்வாறே படமாக்கியிருந்தால் நான்கு சுவருக்குள் பேசிக்கொண்டிருக்கும் மனிதரையே நாம் பார்த்திருப்போம், பேச்சும் கேளாது. லெனி செய்தது யாது? வீட்டையே பாத்திரமாக்கினார். நீண்ட நடைவழியொன்று; அதன் ஒரு பக்கம் முழுவதும் உயர்ந்த ஜன்னல்கள்; ஜன்னல்தோறும் வெண்திரைச் சீலைகள் காற்றில் எழுந்து எழுந்து தாழ்கின்றன. அவ்வளவே. அந்த வழியிலே கமரா தனியே நகர்ந்து செல்லும்போது, யாரோ நடந்து போகிறார்கள் என்ற உணர்வு நமக்கு உண்டாகிறது, நடப்பவரைக் காணோம். தொடக்கத்தில் நோயாளியான முதியவரைக் காட்டும்போது, அவரைச் சுற்றி அவரினும் பெரிய மருந்துப் போத்தல்கள் கோபுரம்போல் நிற்கின்றன. போத்தல்களுக்கு மேலாகப் பூனைகள் எட்டிப் பார்க்கின்றன. ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தைப் பதிப்பிக்கும் உத்தியால் இவையெல்லாம் செய்யப்பட்டன. எழுத்தையும் அவர் சும்மா விடவில்லை. மௌனப் படங்களில் உரையாடலை எழுதிக் காட்டும் அட்டைகள் வரும் அல்லவா? இப்படத்தில் அச்சமுற்றவர் 'பேய்!' என்று கத்தும்போது அட்டையிலுள்ள எழுத்துகளே பெருத்து நடுங்குகின்றன. ஒலியில்லாத படத்திலே குரல் உயர்ந்ததை அவ்வாறு கண்ணாற் கேட்கச் செய்தார்.

கமராவை இயக்கியவர் கில்பேர்ட் வொறன்ரன். வீட்டை அமைத்தவர் சார்ள்ஸ் ஹோல் என்னும் ஆங்கிலேயர். இதே ஹோல்தான் 1931 இல் 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்ரைன்' ஆகிய பேசும் படங்களுக்கும் காட்சியமைத்தார். பின்னாளிலே ஹொலிவூட் எடுத்த திகிற் படங்கள் பலவற்றின் மாடிப்படியும் நடைவழியும் இம்மாளிகையிலிருந்து புறப்பட்டவையே எனலாம். தமிழ்ப் படங்களில் வெள்ளைச் சேலையும் கையில் மெழுகுவர்த்தியும் ஆடும் ஜன்னற் சீலையுமாக நாம் கண்ட பங்களாக்களும் அவ்வழியில் வந்த தூரத்துச் சொந்தங்கள்.

அச்சத்தோடு நகைச்சுவையையும் கலந்திருக்கிறார்கள். கிரைட்டன் ஹேல் நடித்த ஒன்றுவிட்ட சகோதரன் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு படும் பாடு அக்காலத்து மக்களை நன்கு சிரிக்கச் செய்திருக்கும். எனக்கு அது சற்று நீண்டுவிட்டதாகவே தோன்றியது. வீட்டுப் பராமரிப்பாளராக வரும் மார்த்தா மற்றொக்ஸ் என்னும் நடிகையின் முகமோ சிரிப்பென்பதை அறியாதது. நம்முடைய கூத்துகளிலும் அச்சமூட்டும் வரவுக்கும் கட்டியக்காரனின் கேலிக்கும் இடையில் அதிக தூரம் இருப்பதில்லை. வட்டக்களரியிலே நள்ளிரவுக்குப் பின் தீப்பந்த வெளிச்சத்தில் அரக்கன் புகும்போது பிள்ளைகள் தாயின் முந்தானைக்குள் முகம் புதைப்பதையும், அடுத்த நாழிகையில் வயிறு குலுங்கச் சிரிப்பதையும் மட்டக்களப்புத் தேசத்தில் வாழ்ந்தவர் மறந்திரார்.

படம் 1927 செப்டெம்பர் மாதத்தில் வெளிவந்தது. ஒரு மாதம் கழியுமுன், ஒக்டோபர் 6 ஆந் திகதி, 'ஜாஸ் பாடகன்' என்னும் படம் நியூயோர்க்கில் திரையிடப்பட்டது. அதில் நடிகர் வாய் திறந்து பாடியதும் பேசியதும் மக்களின் செவியில் விழுந்தன. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மௌனப் படம் என்னும் கலை அமெரிக்காவிலே முடிந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த கலையொன்று அத்துணை விரைவாகக் கைவிடப்பட்டமைக்கு வரலாற்றில் ஒப்புக் கூறுதல் கடினம். லெனி அம்மாற்றத்தை முழுவதும் காணவில்லை. பல்லில் ஏற்பட்ட நோய் இரத்தத்தை நஞ்சாக்க, 1929 செப்டெம்பரில், 44 ஆவது வயதில் அவர் காலமானார்.

படங்கள் பின்னர் என்னவாயின? பேசாத படத்தைக் காட்ட அரங்குகள் இல்லை. அக்காலத்துப் படச்சுருள் செலுலோசு நைத்திரேற்று என்னும் பொருளாற் செய்யப்பட்டது. வெடிமருந்துக்கு உறவான பொருள் அது. எரியத் தொடங்கினால் தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே வெளிவிடுவதால் நீரில் அமிழ்த்தினாலும் அணையாது. எரியாவிட்டாலும் காலப்போக்கிற் பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஈற்றிலே பழுப்புத் தூளாகிப்போகும். அத்தகைய பொருளைப் பெட்டிபெட்டியாகக் காத்துவைப்பது செலவும் ஆபத்தும் நிறைந்த காரியம். வருவாயோ இல்லை. ஆகவே 1948 இல் யுனிவர்சல் நிறுவனம் தன்னிடம் எஞ்சியிருந்த மௌனப் படச்சுருள்களைத் தானே அழித்துவிட்டது. 2013 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட டேவிட் பியர்ஸ் என்னும் ஆய்வாளரின் அறிக்கையொன்று உண்டு. அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஏறக்குறைய 11,000 முழுநீள மௌனப் படங்களுள் நூற்றுக்கு 14 மாத்திரமே முதலில் வெளியான வடிவிலும் அளவிலும் இன்று உள்ளன என்றும், நூற்றுக்கு 70 அடியோடு மறைந்துவிட்டன என்றும் அது கணக்கிட்டுக் கூறியது.

அதே 1927 ஆம் ஆண்டின் டிசெம்பரிலே இன்னொரு நிறுவனம் 'நள்ளிரவுக்குப் பின் இலண்டன்' என்னும் பாழ்மாளிகைப் படத்தை வெளியிட்டது. நடித்தவர் லொன் சேனி. இயக்கியவர் பின்னர் 'டிராகுலா'வை எடுத்த ரொட் பிரவுனிங். பெயரும் புகழும் நோக்கினால் அதுவே லெனியின் படத்தினும் மேலானது. ஆனால் அதன் கடைசிப் பிரதி 1960களின் நடுவிலே நிறுவனத்தின் களஞ்சியத்தில் மூண்ட தீயில் வெந்துபோயிற்று. இன்று எஞ்சியிருப்பவை நிழற்படங்கள் சிலவே. ஓர் ஆண்டில் எழுந்த இரண்டு பாழ்மாளிகைகளுள் ஒன்று எரிந்தது, ஒன்று நிலைத்தது. நிலைத்தமைக்குக் காரணம் அதன் தகுதி என்று சொல்லிவிட முடியாது. பிரதிகள் பல இடங்களிற் சிதறிக் கிடந்தமையே காரணம். வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டவை திரும்பி வரவில்லை. வீட்டிற் காட்டுவதற்கென யுனிவர்சல் 16 மில்லிமீற்றர் அளவிற் செய்து கொடுத்த சிறு பிரதிகள் தனியார் அலுமாரிகளில் இருந்தன. அந்நிறுவனத்தின் மௌனப் படங்கள் பல இவ்வாறே தப்பின. ஜேர்மனியரான மூர்னோவின் 'நொஸ்ஃபெராற்று'வும் அப்படியே. 'டிராகுலா' நாவலை உரிமை பெறாது படமாக்கினர் என்பதால், எழுத்தாளரின் மனைவி வழக்குத் தொடர்ந்து வென்று, 1925 இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்குமாறு கட்டளை பெற்றார். கட்டளை எட்டாத நாடுகளிற் பிரதிகள் இருந்தன. படம் இன்றும் உள்ளது.

மீட்புப் பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதைத் தமிழ் கற்றவருக்கு விளக்குதல் எளிது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது என்ன செய்தார்? ஊரூராகச் சென்று ஏடுகளைத் தேடினார். ஓர் ஏட்டிற் செல்லரித்த இடம் இன்னோர் ஏட்டில் நன்றாயிருக்கும். ஓர் ஏட்டில் விடுபட்ட அடி வேறோர் ஏட்டில் இருக்கும். எல்லாவற்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, எது மூலபாடம், எது இடைச்செருகல் என்று துணிந்து அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டதும் அதே ஆண்டிலேதான். மௌனப் படத்தை மீட்பவரும் இதையே செய்கின்றனர். வெவ்வேறு நாடுகளிலிருந்து பிரதிகளை வருவித்து, காட்சி காட்சியாக ஒப்பிட்டு, நல்ல பகுதிகளைத் தெரிந்து கோக்கின்றனர். இங்கே பாடபேதமும் உண்டு. அக்காலத்தில் உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் தனித்தனி மூலச்சுருள் வேண்டியிருந்தமையால், இரண்டு கமராக்களை அருகருகே வைத்தோ, ஒரே காட்சியை இருமுறை நடித்தோ படம் பிடிப்பது வழக்கம். ஆகவே அமெரிக்கப் பிரதியிலும் ஐரோப்பியப் பிரதியிலும் ஒரே நடிகர் சற்றே வேறு கோணத்தில் நிற்பார். சில வேளை வேறு விதமாகத் திரும்புவார். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது? பதிப்பாசிரியனின் கலக்கம் அவர்களுக்கும் உண்டு.

அத்தோடு முடிவதில்லை. வேகம் என்றொரு சிக்கல் இருக்கிறது. மௌனப் படங்கள் வினாடிக்கு இத்தனை சட்டகம் என்ற நிலையான விதியின்றிக் கையாலும் பொறியாலும் ஓட்டப்பட்டவை. அவற்றைப் பேசும் படத்துக்குரிய 24 சட்டக வேகத்தில் ஓட்டினால் மனிதர் குதிப்பதும் ஓடுவதுமாகத் தோன்றுவர். மௌனப் படமென்றாலே கேலிக்கூத்து என்று நம்மவர் எண்ணுவதற்கு இப்பிழையே பெரும்பாலும் காரணம். சரியான வேகத்தை மீட்டவுடன் அதே மனிதர் இயல்பாக நடக்கின்றனர், அச்சமும் அச்சமாகிறது. நிறமும் அவ்வாறே. இரவுக் காட்சிக்கு நீலமும், விளக்கொளிக்கு மஞ்சளும் என்று சுருளைச் சாயத்தில் தோய்த்துக் காட்டுவது அக்கால வழக்கம். பின்வந்த கறுப்பு வெள்ளைப் பிரதிகளில் அது மறைந்துபோயிற்று. கீறல்களைக் கணினியால் அகற்றலாம். ஆனால் அளவுக்கு மீறி அகற்றினால் முகத்தின் சுருக்கமும் சேர்ந்து அழிந்து, நடிகர் மெழுகுப் பொம்மையாகிவிடுவர். எங்கே கையை எடுக்க வேண்டும் என்று அறிந்தவரே நல்ல மீட்பாளர்.

'பூனையும் கனேரிக் குருவியும்' இவ்வாறு ஒரு தடவைக்கு மேல் மீட்கப்பட்டது. மௌனப் பட வரலாற்றாசிரியர் கெவின் பிரவுன்லோவைச் சார்ந்த இலண்டன் குழுவினர் முன்னர் ஒரு பதிப்பைத் தந்தனர். பின்னர் நியூயோர்க்கிலுள்ள நவீனக் கலை அரும்பொருளகம் இன்னும் நுட்பமான முறையில் மறுசீரமைத்தது. அது 2024 இல் இறுவட்டாக வெளிவந்தது. அமெரிக்காவில் இப்படத்தின் உரிமைக் காலம் 2022 உடன் முடிவுற்று, 2023 தொடக்கம் அது பொதுச் சொத்தாகிவிட்டது. இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இதே கதையை 1930 இல் யுனிவர்சல் பேசும் படமாக மீண்டும் எடுத்தது. புதியது வந்தபின் பழையதற்கு என்ன மதிப்பு என்றே அன்று யாவரும் எண்ணியிருப்பர். இன்று அந்தப் பேசும் படம் காணப்படவில்லை. சில துண்டுகளும் ஒலித்தட்டுகளுமே உள. பேசாத படம் முழுமையாக நிற்கிறது.

இனி நம் பக்கம் திரும்புவோம். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்', சென்னையிலே ஆர். நடராஜ முதலியார் எடுத்தது. அதில் ஓர் அடியேனும் இன்றில்லை. 1931 ஒக்டோபர் 31 இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்', அதுவும் இல்லை. இந்தியா முழுவதிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. தென்னகத்து மௌனப் படங்களுள் நிலைத்திருப்பது நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933). அது நிலைத்த கதை விசித்திரமானது. நாவலைப் பதிப்பித்த திருவனந்தபுரம் புத்தக நிலையத்தார் உரிமை கேட்டு வழக்காடிப் பிரதியைக் கைப்பற்றிவிட்டனர். அந்த வழக்கினாற் படம் அரங்குகளில் நெடுநாள் ஓடவில்லை; ஓடாமையாலே தேயவில்லை. 1974 இல் புனேயிலுள்ள இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. ஒரு காலத்து இடர் பின்னொரு காலத்தில் காப்பாயிற்று.

இலங்கையின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1925 இல் இங்கே எடுக்கப்பட்ட மௌனப் படமான 'ராஜகீய விக்கிரமய' வெளிநாடுகளிற் காட்டப்பட்டும், நம் நாட்டு மக்கள் காணுமுன் தீயில் அழிந்தது. 1983 ஜூலையிலே நாடு எரிந்தபோது, ஹெந்தளையில் கே. குணரத்தினம் அவர்களின் விஜயா ஸ்ரூடியோவும் எரிந்தது. சிங்களப் படங்களின் மூலச்சுருள்கள் பல அதனுள் இருந்தன. தமிழருடையதென்று வைத்த தீயில் சிங்களக் கலை வெந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்திருந்தது. 97,000 நூல்கள் என்று கணக்கிடுவர். ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்து 1972 இல் வெளிவந்த 'நிதானய' என்னும் படம், அதுவும் பழைய மாளிகையொன்றில் நிகழும் பேராசைக் கதையே, 2013 இல் மறுசீரமைக்கப்பட்டு வெனிஸ் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது.

அழிந்ததை மீட்டல் என்றதும் எங்கள் பிரதேசத்தார்க்கு நினைவு வர வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். கல்முனைக்கு அணித்தாயுள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். யாழ் என்னும் கருவியை அவர் காலத்தில் எவரும் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் உரைகளையும் கணிதத்தையும் துணைக்கொண்டு, வில்யாழ் தொடங்கிப் பல யாழ்களின் வடிவத்தையும் இசையையும் ஆராய்ந்து 'யாழ் நூல்' யாத்தார். 1947 ஜூன் மாதத்தில் அந்நூல் அரங்கேறியது. மறுமாதம் அவர் மறைந்தார். கருவி அழிந்தும், அதைப் பற்றிய எழுத்து பல ஏடுகளிற் பெயர்த்தெழுதப்பட்டு நின்றமையாலேயே அப்பணி கைகூடிற்று.

2004 டிசெம்பர் 26 காலையில் கடல் எங்கள் ஊர்களினுள் வந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அவ்விழப்பின் முன்னே கடதாசியின் இழப்பைப் பேசுதல் தகாது என்று அக்காலத்தில் நாங்கள் வாய்மூடியிருந்தோம். மாணவர் இடாப்புகளும், சம்பவத் திரட்டுகளும், காணி உறுதிகளும், கலியாண அல்பங்களும் உப்பு நீரில் ஊறிக் கூழாயின. சில மாதம் சென்றபின்னரே அந்த இழப்பு வேறு வடிவில் வகுப்பறைக்கு வந்தது. தாயின் முகத்தைக் காட்ட ஒரு படமேனும் இல்லாத பிள்ளைகள் இருந்தார்கள். சிலருக்கு மட்டும் பின்னர் கிடைத்தது. கொழும்பிலோ கட்டாரிலோ இருந்த உறவினர் எப்போதோ வாங்கிச் சென்ற பிரதியொன்று தபாலில் வந்தது. ஒரு பிள்ளை அதைக் கொப்பியினுள் வைத்துக்கொண்டு பாடசாலைக்கு வருவாள். நாங்கள் அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுவோம்.

இலங்கையிலே 1960களிலும் 1970களிலும் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு இன்று நல்ல பிரதி கிடைப்பதில்லை. அவை எரியும் நைத்திரேற்றுச் சுருளல்ல, அசற்றேற்றுச் சுருள். ஆயினும் நம் கரையோர வெப்பத்திலும் ஈரத்திலும் அதுவும் கெட்டுப்போகும். கெடத் தொடங்கியதும் வினாகிரி மணம் வீசும். பழைய படமாளிகைகளை நடத்தியவர், பட விநியோகம் செய்தவர், ஊரூராகப் படம் காட்டியவர் ஆகியோரின் வீடுகளில் வட்டமான தகரப் பெட்டிகள் இன்னும் கிடத்தல் கூடும். அத்தகைய பெட்டியை நேயர்கள் எவரேனும் காண நேர்ந்தால், வினாகிரி மணம் வருகிறதென்று எறிந்துவிட வேண்டாம். பொறியில் மாட்டி ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். சுருங்கிய சுருள் ஓட்டும்போது கிழிந்துவிடும். விளக்குக்கும் அடுப்புக்கும் அப்பால், காற்றுப்படும் உலர்ந்த இடத்தில் வைத்து, பெட்டியின் மேல் எழுதியிருப்பதை ஒரு தாளிற் பார்த்தெழுதி, கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கடிதத்தின் பிரதியொன்றையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.